தலைமாட்டுக் கண்ணாடி

மலேசியாவின் மூவாரில் கட்டில், அலமாரி விற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மனிதர்கள் எதற்கெல்லாம் பயந்து சாகிறார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். சீனக் குடும்பம் கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வியே, அலமாரிக் கண்ணாடி கட்டிலைப் பார்த்தபடி வருமா என்பதுதான். வந்தால் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மூன்றாவது ஆள் புகுந்துவிடுமாம். மலாய்க்காரப் பெண்களுக்குக் கண்ணாடிக்குள் ஜின் என்கிற பேய் குடியேறிவிடும் என்று பயம். நம் ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரவில் கண்ணாடி பார்த்தால் லட்சுமி போய்விடுவாள், தூங்குகிற உடம்பு கண்ணாடியில் விழுந்தால் சீக்கு வரும், பிள்ளைத்தாச்சி பார்த்தால் வயிற்றில் இருப்பது தங்காது. இப்படியே போகும்.

ஷாமளா இதை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினாள். கதவைத் திறந்தால் உள்பக்கம் கண்ணாடி, மூடினால் வெறும் பலகை என்று ஓர் அலமாரியை அவள்தான் யோசனை சொல்லிச் செய்ய வைத்தாள். பயந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள். பயத்தை விற்றே என்னைப் பணக்காரனாக்கிவிடுவாய் போலிருக்கிறதே என்று கடை முதலாளி, சீனத் தௌக்கே, அவளைக் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் தங்கியிருந்த வாடகை அறையில் ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. காலையில் கடைக்கு வந்து, விற்பனைக்கு நிற்கிற கண்ணாடியின் முன்னால் நின்றுதான் பொட்டு வைத்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை ரெங்கம் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். தாய் வெள்ளையம்மா, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள். வாய் ஓயாத மனுஷி. மகள் லோஷினிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகக் கட்டில், அலமாரி எல்லாம் பெண் வீடுதான் அனுப்ப வேண்டும்.

"பாருங்க தங்கச்சி, செட்டு நல்லா இருக்கணும். ஆனா கண்ணாடி மட்டும் ஆகாது. மாப்பிள்ளை வீட்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க."

"உள்பக்கம் கண்ணாடி வெச்ச அலமாரி இருக்குக்கா. மூடிட்டா தெரியவே தெரியாது."

"உள்பக்கமும் ஆகாதாம் லா!" வெள்ளையம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாப்பிள்ளைக்கு இது ரெண்டாங் கல்யாணம். மொத சம்சாரம் மாசமா இருக்கறப்ப, வேணாம் வேணாம்னு மாமியார்க்காரங்க தலபாடா அடிச்சிக்கிட்டும் கேக்காம, கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு அழகு பாத்தாளாம். வயித்துல இருந்தது போயிருச்சு. தன் புள்ளைய தானே முழுங்கிட்டா பாவின்னு, சம்பந்தியம்மா இன்னைக்கும் சொல்லிச் சொல்லி அழறாங்க."

ஷாமளாவின் கையில் அளவு நாடா இருந்தது. அதை மெல்லச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"எந்த ஊருக்கு அனுப்பணும்க்கா?"

"எங்க ஊருக்குப் பக்கத்துல, சிம்பாங் ரெங்கம். தாமான் குடியிருப்புல கடைசி வீடு, வாசல்ல மாமரம் நிக்கும். ராஜம்மா வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க."

அந்த மாமரத்துக்கு ஷாமளா தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக, மகேஸ்வரனின் பெண்டாட்டியாக, குனிந்து கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். கடை முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகம்தான் நின்றது. "தன் புள்ளைய தானே முழுங்கினவ" என்று ஒவ்வொன்றையும் பார்த்து அவளே சொல்லிக்கொள்வது போல இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி, ரெங்கத்துக்காரி, கட்டில் வாங்க வந்த இடத்தில் இதைச் சொல்கிறாள் என்றால், மாமியார் ராஜம்மா இன்னும் எத்தனை ஊரில், எத்தனை வீட்டில் சொல்லி வைத்திருப்பாள்! 

நடந்தது இதுதான். கல்யாணத்தின்போது ஷாமளாவின் அப்பா ஆசை ஆசையாக ஒரு நிலைக்கண்ணாடி மேசை வாங்கிக் கொடுத்தார். அந்த அறையில் அதை வைக்க ஒரே இடம்தான் இருந்தது, கட்டிலுக்கு நேர் எதிரே. ராஜம்மா அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் அந்தக் கண்ணாடிதான் காரணம். மகேஸ்வரனுக்குச் சிங்கப்பூரில் வேலை போனதா, கண்ணாடி. பிள்ளை தள்ளிப் போனதா, கண்ணாடி. கடைசியில் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அதன் பிறகுதான் ஷாமளா உண்டானாள். பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று ராஜம்மா ஊரையே கூட்டிவிட்டாள்.

நாலாம் மாதம் ஒரு மதியம். வீட்டில் யாரும் இல்லை. வயிறு லேசாக எடுப்பாகத் தெரிகிறதே, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஷாமளாவுக்கு ஓர் ஆசை. எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது? போர்வையை விலக்கி, பக்கவாட்டில் திரும்பி நின்று, கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ராஜம்மா உள்ளே வந்தாள்.

அந்த வாரமே குழந்தை போனது. சிலருக்கு இப்படி ஆகும், யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். ராஜம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். கட்டிலில் படுத்திருந்த ஷாமளா மகேஸ்வரனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்னாலதான்னு நீங்களும் நினைக்கிறீங்களா?" அவன் தரையைப் பார்த்தான். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவளும் அந்தக் கண்ணாடி மேசையும் ஒரே லோரியில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். பிறகு கோர்ட்டு, கையெழுத்து, கை கழுவல்.

"உன்னால இல்ல." இந்த வார்த்தை அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தாள் தெரியுமா? வரவில்லை. அவள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. அன்றைக்குப் போர்வையை விலக்கியது இந்தக் கைதானே என்று பாதித் தூக்கத்தில் விழித்துக்கொள்வாள். ராஜம்மா போட்ட முள் அவ்வளவு ஆழமாகக் குத்தியிருந்தது.

சரி, வார்த்தை வரவில்லையல்லவா, வேறு வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

வெள்ளையம்மாவுக்குத் தலைமாட்டில் உயரமான மெத்தைப் பலகை வைத்த ஒரு கட்டிலைக் காட்டினாள். கருஞ்சிவப்பு வெல்வெட். லோஷினி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அக்கா, ராணி கட்டில் மாதிரி இருக்கு என்றாள். கபடம் இல்லாத முகம். ஷாமளா அந்த முகத்தை அதிகம் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள்.

கடைக்குப் பின்னாலேயே பட்டறை. மெத்தை தைக்கிறவர் அர்ச்சுனன்; வாயில் எப்போதும் ஆணி, ஆணிக்கு நடுவில் பேச்சு. தலைப்பலகைக்குள் அலமாரிக் கதவின் கண்ணாடியை வைத்துத் திருகி, அதன்மேல் பஞ்சும் துணியும் போட்டு மூடித் தாருங்கள் என்றாள் ஷாமளா.

"துணிக்குள்ள கண்ணாடியா? அலமாக், இதென்ன கூத்து! யாரும்மா அதுல மூஞ்சி பாக்கப் போறா?"

"பாக்க வேண்டியவங்க பாப்பாங்கண்ணே."

"கஸ்டமர் கேட்டாங்களா?"

"ஆமா," என்றாள். "மாமியார் வீட்டுக் கஸ்டமர்."

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். பிசிறு தெரியாமல் தைத்துக் கொடுத்தார். கண்ணாடி, படுக்கிறவர் தலையைப் பார்த்தபடி உள்ளே உட்கார்ந்தது. லோரி கிளம்பியபோது ஷாமளா வாசலில் நின்று பார்த்தாள். போ, போய் உட்கார், என் நேரம் வரும் என்று மனதுக்குள் சொன்னாள்.

அவள் திட்டம் இதுதான். இப்போது சொன்னால் கண்ணாடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுத் திருஷ்டி கழித்துவிடுவார்கள், ஒன்றும் ஆகாது. அந்தப் பெண் உண்டாக வேண்டும். வயிறு தெரிய வேண்டும். வீடு பூராவும் சந்தோஷத்தில் மிதக்க வேண்டும். அப்போது போய், எல்லார் முன்னிலையிலும் துணியைக் கிழித்துக் காட்ட வேண்டும். இத்தனை நாளும் உன் மகனும் மருமகளும் எதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தார்கள் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அப்புறம் பிள்ளை பிறக்கும் வரை ராஜம்மா தூங்கக்கூடாது. சோறு இறங்கக்கூடாது. தன்னைப் போலவே, பாதித் தூக்கத்தில் விழித்து உட்கார வேண்டும். கொடூரம்தான். இல்லை என்று ஷாமளாவே சொல்லமாட்டாள். அவளிடம் யார் இரக்கம் பார்த்தார்கள்?

வெள்ளையம்மா ஒருமுறை பழகினால் விடுகிற ஆள் இல்லை. அலமாரிக் கைப்பிடி கழன்றதற்கு ஒரு போன், மகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதற்கு ஒரு போன், கடைசியில் வளைகாப்புக்கு வந்தே தீர வேண்டும் என்று ஒரு போன். "எங்களுக்கு ஒத்தாசையா இருந்தீங்க தங்கச்சி. வந்து கை நிறைய வளையல் போட்டுட்டுப் போங்க."

"கண்டிப்பா வரேன்க்கா," என்றாள் ஷாமளா. அன்றைக்குக் கடையில் அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியில் புது அலகு மாற்றினாள்.

வளைகாப்பு நாளில் நெடுஞ்சாலையில் அவள் ஓட்டிய வேகத்துக்குப் போலீஸ் பிடிக்காதது பெரிய விஷயம். மாமரம் கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், அண்டாவில் கொதிக்கிற பாயசம். ராஜம்மாவும் மகேஸ்வரனும் கோயிலுக்கு அர்ச்சனைக்குப் போயிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று, வாசலிலேயே அடையாளம் கண்டு தடுக்க ஆள் இல்லை.

வெள்ளையம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க வாங்க, பசியாறிட்டீங்களா? அப்பாடா, நம்ம பக்கம் ஒரு ஆளு வந்தீங்களே. இங்க மூச்சு விட்டாலும் குத்தம் லா. நாங்க சீர்ல குடுத்த மிக்ஸி புகைஞ்சு போச்சு. பொண்ணு வந்த ராசின்னு சொல்லிட்டாங்க. வயித்துல இருக்கறதுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும், உங்க வீட்டுச் சாமான் வந்த நேரம்னுதான் சொல்லுவாங்க. வாய மூடிக்கிட்டு இருக்கேன். பொண்ணப் பெத்துட்டேன்ல."

ஷாமளா நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டில் பெண் வீட்டுச் சீர். அதற்குள் கண்ணாடி இருந்தது என்று தெரிந்தால் ராஜம்மா தூக்கம் கெட்டு உட்காரப் போகிறாளா என்ன? கூடாரத்தின் நடுவில் நின்று, பெண்ணைப் பெற்றவளே வஞ்சனையாகக் கண்ணாடி வைத்து அனுப்பினாள் என்றுதான் கத்துவாள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் லோஷினிதான் முழுங்கினவள். தன்னைக் கழுவிலேற்றிய அதே கதையை, ஆணி முதற்கொண்டு செய்து, லோரியில் ஏற்றி அனுப்பிவைத்தவள் ஷாமளா. இத்தனை வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தும், குற்றம் எப்போதும் எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே!

அறைக்குள் லோஷினி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவசரமாக வைத்த பொட்டு கோணலாக இருந்தது. டிவியின்மேல் துணி போர்த்தியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. போன்கூடக் கவிழ்ந்து கிடந்தது.

"பொட்டு கோணலா இருக்கும்மா," என்றாள் ஷாமளா.

"தெரியலக்கா. நான் என் மூஞ்சியப் பாத்து ஏழு மாசம் ஆச்சு. அத்தை பாக்கக்கூடாதுன்னுட்டாங்க. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுல தெரிஞ்சிருச்சு, அதுக்கே ஒரு மாதிரி பயமாப் போச்சு." அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

ஷாமளாவின் கைப்பையில் இருந்த கத்தி கல்லாகக் கனத்தது. வேண்டாம், சத்தம் போடாமல் வந்த வழியே போய்விடலாம், ரிப்பேர் என்று சொல்லி நாளைக்கே தலைப்பலகையைக் கழற்றி வரச் சொல்லலாம் என்று நினைத்தபடி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

அது அந்தக் கட்டிலே இல்லை. பழைய இரும்புக் கட்டில். ஒரு காலத்தில் ஷாமளாவே படுத்த கட்டில்.

"லோஷினி, நான் அனுப்புன கட்டில் எங்க?"

"அதா? கட்டில் வந்த அன்னைக்கே அத்தை அவங்க ரூமுக்குப் போட்டுக்கிட்டாங்கக்கா. இடுப்பு வலிக்கு உயரமான கட்டில்தான் நல்லதாம். அதுல படுத்ததுல இருந்து வலியே போயிருச்சாம். ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாங்க. பகல்லயும் போய்ப் படுத்துக்கிறாங்க."

ஷாமளா சிரித்தாள். முதலில் மூக்கால் சிரித்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். லோஷினி என்ன ஏது என்று தெரியாமல் அவளையே பார்த்தாள். புது மருமகளின் கட்டிலைப் பிடுங்கிக்கொண்ட பேராசைக் கிழவிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள் ஷாமளா.

அந்தச் சிரிப்புச் சத்தத்தோடுதான் ராஜம்மா உள்ளே வந்தாள். கையில் குங்குமத் தட்டு. ஷாமளாவைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீயா? நீ எங்கடி வந்த இங்க? ஐயோ, பிள்ளைத்தாச்சி ரூமுக்குள்ள இவள யாரு விட்டா? புள்ளைய முழுங்கினவ லா இவ!"

வெள்ளையம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "தங்கச்சி... நீங்கதான் அந்த மொத..."

"நான்தான்க்கா," என்றாள் ஷாமளா. "கட்டில் வித்தவளும் நான்தான். புள்ளைய முழுங்கினவன்னு நீங்க சொன்னவளும் நான்தான்." பிறகு ராஜம்மாவிடம் திரும்பினாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. "அத்தை, கட்டில் சர்வீஸுக்குத்தான் வந்தேன். உங்க ரூமுக்கு வாங்க. நீங்க படுக்கிற கட்டில்ல ஒண்ணு காட்டணும்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. வளையல் தட்டோடு வந்த பெண்கள் அப்படியே வாசற்படியில் நின்றார்கள். ஷாமளா நேராக ராஜம்மாவின் அறைக்குப் போனாள், கட்டிலின்மேல் ஒரு முழங்காலை ஊன்றினாள், கத்தியை எடுத்தாள். வெல்வெட்டைக் குறுக்காக ஒரே இழுப்பு. பஞ்சைக் கை கையாகப் பிடுங்கி எறிந்தாள்.

உள்ளே கண்ணாடி. அதில் குங்குமத் தட்டோடு ராஜம்மா.

"கட்டில் வந்த அன்னைக்கிலேர்ந்து இது உங்க தலைமாட்டுலதான் இருக்கு அத்தை. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெச்சேன். நான் மட்டும்தான்."

ராஜம்மாவின் கையிலிருந்து தட்டு விழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ! ஐயையோ!" என்று அலறினாள். "அதான் எனக்குத் தல சுத்துச்சு! போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேனே! சுகர் ஏறிச்சே! என் உசுர இது கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிருக்கு லா!" நேற்றுவரை அந்தக் கட்டிலின் புகழைத் தாமான் முழுக்கப் பாடித் திரிந்தவளுக்கு, இப்போது பார்த்தால் ஒரு நல்ல நாள்கூட ஞாபகம் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா ஷாமளாவுக்கு! அந்த அலறல் ஒவ்வொன்றும் அவள் காதில் தேனாகப் பாய்ந்தது.

மகேஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. அம்மாவின் பக்கத்தில் மண்டி போட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அம்மா, இங்க பாருங்க. ஒண்ணும் இல்லம்மா. வெறும் கண்ணாடிம்மா. கண்ணாடியால மனுஷனுக்கு என்னம்மா ஆகும்? அதெல்லாம் சும்மா. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஷாமளா கட்டிலிலிருந்து இறங்கினாள். 

"என்ன சொன்னீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது போலும். முகம் வெளிறிவிட்டது.

"திரும்பச் சொல்லுங்க. கண்ணாடியால மனுஷனுக்கு என்ன ஆகும்?"

"ஷாமு..."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்? இப்பத் தெரியுமா, அப்பவே தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். அதே பார்வை. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே தரை. "அப்பவே தெரியும்," என்றான் கடைசியில். "டாக்டர் என்கிட்டயும் சொன்னாரு. அம்மா மனசு நோகக்கூடாதேன்னுதான்..."

அம்மா மனசு நோகக்கூடாது! ஷாமளாவுக்கு அவனை அறைய வேண்டும் போல் கை பரபரத்தது. ராஜம்மாவாவது நம்பினாள், நம்பிக் கெடுத்தாள். இந்த மனுஷன் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தானே! வருஷக்கணக்காக அவள் தன் கையையே வெறுத்தாள், தன் அறையில் ஒரு கண்ணாடி வைக்கப் பயந்தாள். இவன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய ஒரு வார்த்தைக்காக. அது இவனிடம் இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. அம்மா ஒரு சத்தம் போட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

வாசலிலிருந்து லோஷினியின் குரல் வந்தது. சன்னமாகத்தான் வந்தது.

"அப்ப எனக்கு ஏங்க சொல்லல? ஏழு மாசமா நானும் பயந்துக்கிட்டுதானே படுத்திருந்தேன். உங்க பக்கத்துலதானே படுத்திருந்தேன்."



வெள்ளையம்மா வளையல் தட்டையும் பழத்தட்டையும் தன் ஆட்களிடம் எடுத்துக் கொடுத்தாள். மகளின் கையைப் பிடித்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"வளையல நம்ம வீட்லயே போட்டுக்கலாம் வா. முறைப்படி நான் கூட்டிட்டுப் போறேன். திரும்பி அனுப்புறதா வேணாமாங்கறத அப்புறம் பாக்கலாம்." ஷாமளாவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். "நீயும் ஒண்ணும் நல்லவ இல்ல தங்கச்சி. என் மக படுக்கிற கட்டில்னு நெனச்சுத்தான இத வெச்ச?"

"ஆமாக்கா," என்றாள் ஷாமளா. 

வெள்ளையம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். அவர்கள் பின்னாலேயே விருந்தாளிகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மகேஸ்வரன் லோஷினி லோஷினி என்று கூப்பிட்டுக்கொண்டே அவர்கள் ஏறிய வேனுக்குப் பின்னால் ஓடினான்.

ஷாமளா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்போது ராஜம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தரையில் உட்கார்ந்தபடியே, கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் பிடித்திருந்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"ஷாமளா, நீ சொல்லும்மா. நீதான வெச்ச, உனக்குத்தான் தெரியும். எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? அவன் என் புள்ள, என்னத் தேத்தறதுக்குச் சொல்லுவான். நீ ஒரு வார்த்தை சொல்லு, எனக்கு அது போதும்."

கிழவியின் கண்ணில் இருந்தது நடிப்பில்லை, உண்மையான பயம். ஷாமளாவுக்கு அந்தப் பயத்தை நன்றாகத் தெரியும். அது எந்த நேரத்தில் எழுப்பும், எழுப்பி எங்கே உட்கார வைக்கும், விடிகிற வரை காதுக்குள் என்ன சொல்லும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைப் போக்குகிற வார்த்தையும் அவள் வாயில்தான் இருந்தது. சொன்னால் ஒரு நொடி வேலை.

"அந்த ஒரு வார்த்தையத்தான் அத்தை நானும் கேட்டேன்," என்றாள். "எனக்கு யாரும் சொல்லல."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு வெளியே வந்தாள். காரைப் பின்னால் எடுக்கும்போதும் வீட்டுக்குள்ளிருந்து ராஜம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சொல்லிட்டுப் போம்மா... ஷாமளா, சொல்லிட்டுப் போ..."